பட்டாளத்தில் குறை இருந்தால் யாரிடம் சொல்வது?

போன மாதம் ஒரு சாயங்காலம் உச்சிப்புளிக் கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "அண்ணே, இவன்கிட்ட நீங்களே பேசுங்க" என்று போனை நீட்டினாள். மறுமுனையில் அவள் மகன். அக்னிவீராகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. வடக்கே மலைப்பக்கம் இருக்கிறான். அக்கா கல்யாணத்துக்கு லீவு கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறான். அதை மேலே அனுப்ப வேண்டியவர் இரண்டு தடவை அவன் கண் முன்னாலேயே கிழித்துப் போட்டாராம். "மாமா, பேசாம ஒரு வீடியோ எடுத்துப் போட்டுரலாமான்னு இருக்கு" என்றான்.

"போடாதே. நாளைக்குக் காலையில கூப்பிடு" என்றேன். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. 24 வருடம் பட்டாளத்தில் கிளார்க்காக இருந்தவன் நான். நியாயமான குறையைத் தப்பான வழியில் சொல்லி மாட்டிக்கொண்டவர்களின் பைல்கள் என் கையால் போயிருக்கின்றன. குறை தீராமல் போனதோடு, குறை சொன்னவனே குற்றவாளியாகி நின்றதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பையனுக்கு மறுநாள் காலையில் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். பிள்ளையைப் படைக்கு அனுப்பிவிட்டு, சட்டம் என்ன சொல்கிறது என்று தெரியாமல் தவிக்கிற வீடுகள் மண்டபம் முதல் சாயல்குடி வரை இருக்கின்றன. அவர்களுக்காகத்தான் இது.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். பட்டாளத்தில் வாயைத் திறந்தாலே தண்டனை என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது உண்மை இல்லை. குறை சொல்லும் உரிமை 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்திலேயே இருக்கிறது. 26ஆவது பிரிவு ஜவான்களுக்கும், அவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் நடுவில் இருக்கிற சுபேதார் போன்ற ஜே.சி.ஓ.க்களுக்கும் உரியது. 27ஆவது பிரிவு அதிகாரிகளுக்கு. விமானப்படைச் சட்டத்திலும் இதே எண்களில் இதே பிரிவுகள் இருக்கின்றன. கடற்படைக்கு 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆவது பிரிவு. எந்த மேலதிகாரியும் தயவு பண்ணிக் கொடுத்த சலுகை இல்லை இது. நாடாளுமன்றம் கொடுத்தது.

அந்த 26ஆவது பிரிவை நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு மேலதிகாரியாலோ வேறொரு அதிகாரியாலோ தனக்கு அநீதி நடந்ததாக ஒருவர் கருதினால், தன் கம்பெனியின் அதிகாரியிடம் முறையிடலாம் என்கிறது. "கருதினால்" என்ற சொல்லைக் கவனியுங்கள். நிரூபித்துவிட்டுத்தான் வரவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. விசாரிக்கிற வேலை, முறையீட்டைக் கேட்கிறவருடையது. முறையீட்டை வாங்குகிற அதிகாரி, முழு நிவாரணம் கிடைக்கிற மாதிரி முடிந்த அளவு முழுமையாக விசாரிக்க வேண்டும், தேவைப்பட்டால் மேலே அனுப்ப வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. "பார்க்கலாம், போ" என்று சொல்லி அனுப்பிவிட்டால் அந்தக் கடமை முடிந்துவிடாது.

அந்த அதிகாரி மேலேயே குறை என்றால்? அதற்கும் அங்கேயே வழி இருக்கிறது. அவருக்கு அடுத்த மேலதிகாரியிடம் போகலாம். கம்பெனி கமாண்டர் மேல் புகார் என்றால் அதைக் கம்பெனி கமாண்டரிடமே கொடுக்க வேண்டியதில்லை. கமாண்டிங் ஆபீசர், அதாவது சி.ஓ.விடம் போகலாம்.

அக்னிவீர்களுக்கு இதெல்லாம் கிடையாது என்று எங்கள் பக்கம் யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். நான்கு வருடப் பணியாக இருந்தாலும் அவர்களும் அதே ராணுவச் சட்டத்துக்குக் கீழே இருப்பவர்கள்தான். தண்டனைப் பிரிவுகள் அவர்களைக் கட்டுப்படுத்தும்போது முறையீட்டுப் பிரிவும் அவர்களுக்கு உண்டு.

எது குறை, எது ஏமாற்றம்

லீவு கிடைக்காதது குறையா? இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். படையில் லீவை உரிமையாகக் கேட்க முடியாது. பணியின் தேவையைப் பார்த்து மறுக்கலாம், குறைக்கலாம், பாதியில் திரும்பக் கூப்பிடலாம். ஆக, "அக்கா கல்யாணத்துக்கு லீவு தரவில்லை" என்பது மனசை அறுக்கிற விஷயம், ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு அநீதி என்று நிற்க முடியாது. அவன் விண்ணப்பத்தை, முடிவெடுக்கிற அதிகாரிக்குக் காட்டாமலே நடுவில் ஒருவர் கிழித்துப் போட்டதுதான் அநீதி. லீவு தருவதும் மறுப்பதும் கம்பெனி கமாண்டர் கையில். அவர் கண்ணுக்கே படாமல் தடுக்க நடுவில் நிற்பவருக்கு அதிகாரம் இல்லை.

பையனிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அப்ப நான் லீவுக்காகச் சண்ட போடக் கூடாது, தாளுக்காகப் போடணுமா மாமா?" என்று கேட்டான். சரியாகப் பிடித்துக்கொண்டான். அவரவர் குறையை இப்படி உரித்துப் பார்த்தால், உள்ளே ஒரு மறுப்பும் ஒரு தவறும் ஒட்டிக்கொண்டு இருப்பது தெரியும். தவறைத் தனியாகப் பிரித்து எடுத்தால்தான் முறையீடு நிற்கும்.

அடி, கெட்ட வார்த்தை, சம்பளத்தில் சொல்லாமல் பிடித்த பணம், சொந்த வீட்டு வேலை வாங்குவது, பதவி உயர்வில் விட்டுப்போனது, பதிவேட்டில் தப்பாக ஏறிய விவரம், மருத்துவப் பரிசோதனையில் கவனிக்காதது... இதெல்லாம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் குறைகள்.

யூனிட்டுக்குள்ளே

வழக்கமான படிக்கட்டு எல்லோருக்கும் தெரிந்ததுதான். செக்ஷன் கமாண்டர், பிளட்டூன், கம்பெனியின் சீனியர் ஜே.சி.ஓ., கம்பெனி கமாண்டர், அப்புறம் சி.ஓ. பாதிக் குறை இரண்டாவது படியிலேயே தீர்ந்துவிடும். நல்ல சுபேதார் சாப் ஒருவர் அமைந்துவிட்டால் தாளே தேவைப்படாது. தீராதபோது "சி.ஓ. சாப் இன்டர்வியூ வேண்டும்" என்று கேட்கலாம். அதைக் கேட்பதும் இதே படி வழியாகத்தான். எதற்காக என்று ஒரு வரியில் சொன்னால் போதும், உள்ளே போய் விவரமாகப் பேசலாம். யூனிட்டில் எல்லோரையும் கூட்டி சி.ஓ. பேசுகிற சைனிக் சம்மேளன் நடக்கிறபோது "யாருக்காவது ஏதாவது பாயிண்ட் இருக்கா?" என்று கேட்பார்கள். மெஸ் சாப்பாடு, தண்ணீர், குடியிருப்பு மாதிரி எல்லோருக்கும் பொதுவான விஷயத்துக்கு அது நல்ல இடம். ஒருவர் மேல் தனிப்பட்ட புகார் இருந்தால் அங்கே எழுந்து சொல்லாமல் இன்டர்வியூவில் சொல்வதே நல்லது.

கடற்படையில் இதற்கு இன்னும் நெருக்கமான ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு மாலுமிக்கும் ஒரு டிவிஷனல் ஆபீசர் இருப்பார். வீட்டுக் கஷ்டம் முதல் பதவி உயர்வு வரை முதலில் அவரிடம்தான் போக வேண்டும். எங்கள் உச்சிப்புளியில் 2009 மார்ச்சில் இருந்து ஐ.என்.எஸ். பருந்து என்ற பெயரில் இயங்கும் கடற்படை விமானத் தளத்தில் வேலை பார்க்கிற ஒரு மாலுமிக்கும், விசாகப்பட்டினத்தில் கப்பலில் இருப்பவருக்கும் இது ஒன்றுதான். அங்கே முறையான மனுவை ஆர்.ஓ.ஜி., அதாவது ரிட்ரெசல் ஆப் கிரீவன்சஸ் (குறை தீர்ப்பு) என்று சுருக்கிச் சொல்வார்கள். தரைப்படைக்காரர்கள் ஸ்டாட்யூட்டரி கம்ப்ளெயின்ட், அதாவது சட்டப்படியான முறையீடு என்பார்கள். பெயர் வேறு, சாரம் ஒன்று.

இனி, செய்யக் கூடாதவை. இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கடுமை வந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டு மனு கொடுக்கக் கூடாது. மீன்பிடித் துறைமுகத்தில் டீசல் மானியத்துக்கு நாம் அப்படித்தான் கொடுப்போம், அதில் தப்பே இல்லை. படையில் கூட்டாகக் குறை சொல்வது ஒழுங்கை மீறியதாகப் பார்க்கப்படும். நிலைமை முற்றினால் கலகம் என்ற பிரிவுவரை இழுக்கும். பத்துப் பேருக்கும் அதே குறை என்றால் பத்துத் தனித்தனித் தாள்.

மொட்டைக் கடிதம் வேண்டாம். பெயர் இல்லாத கடிதத்தில் பொதுவாக நடவடிக்கை எடுக்க மாட்டார்கள். எழுதியது யார் என்று தேடுகிற வேலைதான் மிஞ்சும்.

அரசியல்வாதியைப் பிடித்துச் சிபாரிசுக் கடிதம் வாங்கி அனுப்புவதும் அப்படித்தான். பெற்றவர்கள் பாசத்தில் செய்வது. ஆனால் பணியில் இருப்பவர் வெளியிலிருந்து அழுத்தம் கொண்டுவந்தார் என்று அது அவர் கணக்கில்தான் விழும்.

வீடியோவுக்கு வருகிறேன். அரசியல் சாசனத்தின் 33ஆவது பிரிவு, படையினரின் அடிப்படை உரிமைகளைச் சட்டம் போட்டுக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அதன்படி ராணுவச் சட்டத்தின் 21ஆவது பிரிவில், சங்கம் சேர்வதற்கும் பத்திரிகைகளோடு தொடர்பு கொள்வதற்கும் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். 2017 ஜனவரியில் எல்லைப் பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர் தனக்குத் தரும் சாப்பாட்டை வீடியோ எடுத்துப் போட்டது நாடு முழுக்கப் பரவியது. அந்த ஏப்ரலிலேயே அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அவர் சொன்னது சரியா தப்பா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. குறையைச் சொன்ன முறையே அவர் மேல் குற்றச்சாட்டாகத் திரும்பியதைத்தான் சொல்கிறேன். அந்தச் சமயத்தில் அப்போதைய தரைப்படைத் தளபதி பிபின் ராவத், தலைமையகங்களில் குறைகேட்புப் பெட்டி வைக்கச் சொன்னார். சமூக ஊடகத்துக்குப் போகாமல் அதில் போடுங்கள், உங்கள் பெயர் வெளியே வராது என்று அறிவித்தார். அந்த வீடியோக்கள் உண்மையான ஒரு புழுக்கத்திலிருந்து வந்தவை என்பதை அவரும் உணர்ந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பொய் என்று தெரிந்தே புகார் கொடுத்தால், அல்லது முக்கியமான விவரத்தை வேண்டுமென்றே மறைத்தால், ராணுவச் சட்டத்தின் 56ஆவது பிரிவில் 5 வருடம்வரை சிறை உண்டு. இதைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பயப்பட வேண்டாம். நடந்ததைச் சொல்லி அதை நிரூபிக்க முடியாமல் போவது வேறு, பொய் சொல்வது வேறு. பிரிவு தண்டிப்பது இரண்டாவதை மட்டும்தான். ஆகவே பார்த்ததை மட்டும் எழுதுங்கள். யாரோ சொன்னதை, தானே பார்த்ததாக எழுதாதீர்கள்.

ஒரு பக்கம் எழுதுவது எப்படி

அந்தப் பையன் முதலில் எழுதி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியது இது: "எனக்குத் தொடர்ந்து அநியாயம் நடக்கிறது. என்னை வேண்டுமென்றே ஒதுக்குகிறார்கள். என் அக்கா கல்யாணத்துக்குக்கூடப் போக விடவில்லை. தயவுசெய்து நீதி வழங்குங்கள்."

படித்தால் மனசு இளகும். ஆனால் விசாரிக்கிற அதிகாரிக்கு இதில் பிடித்துக்கொள்ள ஒரு கொம்புகூட இல்லை. யார், எப்போது, எங்கே, யார் பார்த்தது, என்ன வேண்டும், எதுவும் இல்லை. இரண்டு பேருமாக உட்கார்ந்து மாற்றினோம்.

"இம்மாதம் 12ஆம் தேதி காலை 10 மணிக்குக் கம்பெனி ஆபீசில் என் லீவு விண்ணப்பத்தை இன்னாரிடம் கொடுத்தேன். அவர் அதைக் கம்பெனி கமாண்டரிடம் அனுப்பாமல் என் முன்னால் கிழித்தார். அப்போது இன்னார் அங்கே இருந்தார். 19ஆம் தேதி மறுபடி கொடுத்தேன். அப்போதும் அதேபோல் நடந்தது. என் விண்ணப்பம் கம்பெனி கமாண்டரின் முடிவுக்காக அவர் முன் வைக்கப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்."

அவ்வளவுதான். கடைசி வரியைப் பாருங்கள். லீவு வேண்டும் என்றோ அவரைத் தண்டியுங்கள் என்றோ அதில் இல்லை. யாராலும் மறுக்க முடியாத ஒன்றைக் கேட்கிறது. இதை இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதிக் கொடுக்க வேண்டும். இலக்கணம் முன்னே பின்னே இருந்தாலும் பாதகமில்லை, தேதி சரியாக இருக்க வேண்டும். நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆபீசில் வாங்கியதற்கு டைரி நம்பர் கேட்க வேண்டும். அந்த நம்பர் இல்லாவிட்டால், கொடுத்தேன் என்பதற்கு அவன் வாய்ச்சொல்தான் சாட்சி.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. என் இரண்டாவது மகள் பிறந்த விவரம், குடும்ப விவரங்களைப் பதிவேட்டில் ஏற்றுகிற பார்ட் டூ ஆர்டரில் ஏறாமல் விட்டுப்போயிற்று. பழைய யூனிட்டில் கொடுத்திருந்தேன், நான் மாற்றலாகிப் போனதும் அது அங்கேயே தேங்கிவிட்டது. இரண்டு வருடம் போனில் கேட்டுக்கொண்டே இருந்தேன். "ஆயிரும், ஆயிரும்" என்றார்கள். மகள் பள்ளிக்கூடம் சேர்ந்தபோது கல்வி உதவித்தொகைக்கு எழுதினால், பதிவேட்டில் உங்களுக்கு ஒரு பிள்ளைதானே என்று திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்கு எனக்கு வந்த துக்கம் பணத்துக்காக இல்லை. பெற்ற பிள்ளை தாளில் இல்லை என்றால் வருகிற துக்கம் அது. மறுநாள் ஒரு பக்கம் எழுதினேன். பிறப்புச் சான்றிதழ் நகல், முதலில் கொடுத்த தேதி, யூனிட் மாறிய தேதி மூன்றும் வைத்து சி.ஓ. வழியாக அனுப்பினேன். நான்கு மாதத்தில் ஏறிவிட்டது. இரண்டு வருடத்து போன் பேச்சு செய்யாததை அந்தத் தாள் செய்தது.

மேலே போக வேண்டிய நேரம்

யூனிட்டில் தீரவில்லை என்றால் முறையான மனு போடலாம். ஜவான், ஜே.சி.ஓ.வுடைய ஸ்டாட்யூட்டரி கம்ப்ளெயின்ட் தரைப்படைத் தளபதிவரை போகும். அவர் முடிவை மத்திய அரசு மாற்றலாம் என்று 26ஆவது பிரிவிலேயே இருக்கிறது. அதிகாரிகள் முதலில் தங்கள் சி.ஓ.விடம் கேட்டு நிவாரணம் கிடைக்காவிட்டால், 27ஆவது பிரிவின்படி மத்திய அரசுக்கே எழுதலாம். நடுவில் இருக்கிற ஒவ்வொரு கமாண்டரும் தன் கருத்தை எழுதி மேலே தள்ளுவார்கள். அதனால் மாதக்கணக்கில் ஆகும். பொறுமை வேண்டும், ஆனால் காலண்டரில் ஒரு கண்ணும் வேண்டும்.

ஏன் காலண்டர்? இதற்கு அப்பால் இருப்பது ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்து, 2009 ஆகஸ்டில் வேலையைத் தொடங்கியது. தலைமை அமர்வு டெல்லியில். நமக்குச் சென்னையில் ஒரு அமர்வு இருக்கிறது. நீதித்துறையிலிருந்து ஒருவர், படையில் உயர்ந்த பதவி வகித்தவர் ஒருவர் என்று சேர்ந்து விசாரிப்பார்கள். பட்டாள வாழ்க்கை எப்படி நடக்கும் என்று முதலிலிருந்து விளக்க வேண்டியதில்லை என்பது பெரிய ஆறுதல்.

அங்கே நேராகப் போய்விட முடியாது. படைக்குள் இருக்கிற வழிகளையெல்லாம் முதலில் முயன்றிருக்க வேண்டும். மனு கொடுத்து இறுதி உத்தரவு வந்தால், வந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். மனு கொடுத்து 6 மாதம் ஆகியும் பதிலே வரவில்லை என்றால், இனிக் காத்திருக்காமல் போகலாம். உதாரணமாக ஜனவரி 10இல் மனு கொடுத்து, ஜூலை 10வரை ஒரு வார்த்தையும் இல்லை என்றால் கதவு திறந்துவிட்டது என்று அர்த்தம். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கவும் அதிகாரம் இருக்கிறது. ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. டைரி நம்பரும் தேதியும் ஏன் என்று இப்போது புரியும். இந்தக் கடிகாரம் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடுகிறது.

எல்லாவற்றையும் தீர்ப்பாயம் கேட்காது. இடமாற்றம், எந்த வகை லீவும், சம்மரி கோர்ட் மார்ஷலில் (சி.ஓ.வே நடத்துகிற ராணுவ விசாரணை) கிடைத்த சிறிய தண்டனைகள், இவை அதன் எல்லைக்கு வெளியே. வேலைநீக்கமோ 3 மாதத்துக்கு மேல் சிறையோ விதித்திருந்தால் மட்டும் சம்மரி கோர்ட் மார்ஷல் தண்டனையும் உள்ளே வரும். சம்பளம், பதவி உயர்வு, ஓய்வூதியம், பணிநீக்கம் போன்றவை உண்டு. தீர்ப்பாயத்தின் தீர்ப்புக்கு மேல் உயர் நீதிமன்றம் போக முடியுமா என்பதில் பல வருடம் குழப்பம் இருந்தது. உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரம், அதாவது இப்படிப்பட்ட உத்தரவுகளை ஆராய்ந்து ஆணையிடும் அதிகாரம், பறிபோகவில்லை என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. நம்மைப்போல் டெல்லி தூரமான ஊர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

கோர்ட் மார்ஷல் தீர்ப்பு மேல் குறை என்றால் அது வேறு பாதை. ராணுவச் சட்டத்தின் 164ஆவது பிரிவில் தண்டனை உறுதியாவதற்கு முன் ஒரு மனு, உறுதியான பின் ஒரு மனு. அப்புறம் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு. அந்த நிலைக்கு வந்துவிட்டால் வக்கீல் இல்லாமல் ஒரு அடியும் எடுத்து வைக்காதீர்கள்.

நம் கரையில் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. மண்டபத்தில் ஹோவர்கிராஃப்ட் ஓட்டுகிற கடலோரக் காவல்படையும் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ்தான். ஆனால் அவர்களுக்கு 1978ஆம் ஆண்டு தனிச் சட்டம். ஆயுதப்படைத் தீர்ப்பாயம் அவர்களுக்குப் பொருந்தாது. உள்ளே முறையிட்டு, தீராவிட்டால் உயர் நீதிமன்றம். எல்லைப் பாதுகாப்புப் படை, சி.ஆர்.பி.எப். போன்றவை உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருபவை. அவர்களுக்கும் இந்தத் தீர்ப்பாயம் கிடையாது. சீருடையைப் பார்த்து எல்லாம் ஒன்று என்று நினைத்துச் சென்னைக்கு வண்டியேறி ஏமாந்து திரும்பியவர்கள் உண்டு.

பெண்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். பணியிடத்தில் பாலியல் தொல்லை என்றால், 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்ளகக் குழுவிடம் 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். தொல்லை கொடுத்தவர் எந்தப் பதவியில் இருந்தாலும் இந்த வழி உண்டு.

ஊரில் இருக்கிற குறை

பட்டாளத்துக்காரரின் குறை பல சமயம் பட்டாளத்தில் இருக்காது, இங்கே இருக்கும். அவர் லடாக்கில் பனியில் நிற்பார், இங்கே சீமைக் கருவேலம் மண்டிய அவருடைய நிலத்தில் யாரோ எல்லைக் கல்லைப் பிடுங்கி ஐந்தடி தள்ளி நட்டிருப்பார்கள். வீட்டில் வயசான அம்மா மட்டும். எனக்குத் தெரிந்து, துப்பாக்கியைப் பிடித்திருப்பவனின் மனசை இதுமாதிரி அரிப்பது வேறு ஒன்றும் இல்லை.

இதற்கு சி.ஓ.விடம் சொன்னால், அவர் மாவட்ட ஆட்சியருக்கும் காவல் கண்காணிப்பாளருக்கும் கடிதம் எழுதுவார். அது யூனிட்களில் வழக்கமாக நடப்பது. பட்டா எண், சர்வே எண், கிராமம், வட்டம் எல்லாம் சரியாகக் கொடுத்தால்தான் அந்தக் கடிதத்துக்குப் பலம். ராமநாதபுரத்தில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகம் பணியில் இருப்பவர்களின் குடும்பங்களுக்கும் உதவும். நீதிமன்றத்தில் வழக்கு ஓடுகிறது, ஆள் வர முடியாத இடத்தில் பணியில் இருக்கிறார் என்றால், 1925ஆம் ஆண்டு இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அவர் வர முடியாத நிலையை ஆட்சியர் சான்றளித்து நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். போர் அல்லது சிறப்புச் சூழலில் பணியாற்றுகிறார் என்றால் வழக்கை நிறுத்தி வைக்கவும் அதில் வழி உண்டு. நூறு வயதான சட்டம், இன்றும் பயன்படுகிறது.

கணவன் பணம் அனுப்பாமல் விட்டால் மனைவி அவருடைய சி.ஓ.வுக்கு நேராக எழுதலாம். மனைவி, பிள்ளைகளின் பராமரிப்புக்காகச் சம்பளத்தில் பிடித்துக் கொடுக்க ராணுவச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இதைப் பெண்கள் பலர் தெரிந்துகொள்ளாமலே இருக்கிறார்கள்.

ஓய்வு பெற்றவர்களுக்கு வாசல் வேறு. ஓய்வூதியக் கணக்கு இப்போது ஸ்பர்ஷ் என்ற இணைய ஏற்பாட்டில் நடக்கிறது. பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் நின்றுவிடும். அங்கே தீராததை மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்பு இணையதளத்தில் பதியலாம். பணியில் இருப்பவரின் பணி விஷயங்களை அது பொதுவாக எடுத்துக்கொள்ளாது, ஓய்வு பெற்றவருக்கு நன்றாகவே உதவும். தாள் கேட்டுத் தராவிட்டால் 10 ரூபாயில் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, 30 நாளில் பதில் தர வேண்டும். முப்படைகள் அந்தச் சட்டத்துக்கு வெளியே இல்லை. மருத்துவ வாரியத்தின் தாள்களை வாங்க இதைத்தான் பயன்படுத்தச் சொல்வேன். ஊனமுற்றோர் ஓய்வூதியம் மறுக்கப்பட்டவர்களுக்கு அந்தத் தாள்தான் உயிர். படையில் சேரும்போது செய்த பரிசோதனையில் ஒரு நோய் குறிக்கப்படவில்லை என்றால், பிறகு வந்ததைப் பணியால் வந்ததாகவே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்று காட்டும் பொறுப்பு அரசுடையது என்று தரம்வீர் சிங் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 செப்டம்பருக்குப் பின் வெளியே வந்தவர்களுக்குப் புதிய தகுதி விதிகள் என்பதால், ஓய்வு பெற்ற தேதியைப் பார்த்து வழக்கறிஞரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

பையனுக்கு வருகிறேன். எழுதியதை எடுத்துக்கொண்டு முதலில் தன் சீனியர் ஜே.சி.ஓ.விடம் போனான். அவர் முழுவதும் படித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அவனைக் கம்பெனி கமாண்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாராம். புதிதாக ஒரு லீவு விண்ணப்பம் அங்கேயே எழுதி வாங்கியிருக்கிறார்கள். கிழித்தவரைக் கூப்பிட்டு விசாரித்தது என்ன ஆயிற்று என்று அவனுக்குத் தெரியவில்லை. லீவு இன்னும் முடிவாகவில்லை. கல்யாணத்துக்கு 19 நாள் இருக்கிறது. நேற்று அவன் அம்மாவைச் சந்தையில் பார்த்தேன். மணிபர்சிலிருந்து கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்து நீட்டினாள். எனக்குத்தான் வைக்கிறாள் என்று கையை நீட்டினேன். "இது உங்களுக்கு இல்லண்ணே, உங்களுக்கு வீட்டுக்கு வந்து வைக்கிறேன்" என்று சொல்லி அதைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கத்தில், மகன் போனில் சொல்லச் சொல்ல அவள் எழுதிய டைரி நம்பர் இருந்தது. பக்கத்திலேயே தேதி.